பதினோராம் தேதியும் பேரன் போட்ட லினக்ஸும்

போன வாரம் முல்லைப் பெரியாற்றங்கரைப் பக்கம் காலை நடைக்குப் போயிருந்தபோது, என்னோடு நடக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கேட்டார்: "சார், வீட்டு லேப்டாப்புல விண்டோஸ் பத்து இருக்கு. இனிமே அது ஓடாதுங்கிறாங்க. லினக்ஸ் போட்டுட்டா செலவில்லாம ஓடும்னு மகன் சொல்றான். போட்டுடலாங்களா?"

"போடலாம். ஆனா வீட்டுல யாரு அதுல என்ன வேலை பாக்குறாங்கன்னு முதல்ல சொல்லுங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கேட்டது ஆம், இல்லை என்று பதில் வரவேண்டிய கேள்வி. நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் நாங்கள் இரண்டு முறை போய்த் திரும்பிவிட்டோம். அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவைக்கிறேன். அதே நிலையில் இருப்பவர்கள் இந்தப் பள்ளத்தாக்கில் நிறையப் பேர் இருப்பார்கள்.

முதலில் ஒரு திருத்தம். விண்டோஸ் 10 ஓடாமல் போகவில்லை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதற்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் நிறுத்திக்கொண்டது, அவ்வளவுதான். இயந்திரம் நேற்றுப் போலவே இன்றும் திறக்கும். பூட்டுப் பழுதானால் சரிசெய்ய ஆள் வரமாட்டான் என்பதுதான் வித்தியாசம். விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் செயலி என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். அதற்கு முன் வாங்கிய லட்சக்கணக்கான மடிக்கணினிகள், நல்ல நிலையில் இருந்தாலும், தகுதி இல்லாதவை ஆகிவிட்டன. எங்கள் வீட்டு மடிக்கணினி 2017-இல் வாங்கியது. ஏழாம் தலைமுறை. ஒரு வகுப்பு வித்தியாசத்தில் தேறவில்லை.

அந்த மடிக்கணினி என் மருமகளுடையது. அவர் வீட்டிலிருந்தபடி மூன்று வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதித் தருகிறார். கம்பத்தில் ஒரு பெயிண்ட் கடை, சின்னமனூரில் ஒரு உரக்கடை, போடியில் ஒரு ஏலக்காய் வியாபாரி. மாதம் முழுக்க பில்களைப் பதிந்து, அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-1, 20-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-3பி என்று தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் நாள் கணக்கில் தாமதக் கட்டணம். அதைவிடப் பெரிய விஷயம், சரக்கு வாங்கியவருக்கு உள்ளீட்டு வரி வரவு தெரியாமல் நிற்கும். அவர் வியாபாரிக்குப் போன் போடுவார், வியாபாரி என் மருமகளுக்குப் போன் போடுவார். மகன் திருப்பூரில் வேலை பார்க்கிறான். மருமகள் சம்பாதிக்கும் பணம்தான் பேரனின் விடுதிக் கட்டணம்.

பேரன் கோயம்புத்தூரில் பொறியியல் இரண்டாம் ஆண்டு. நவம்பர் 8, 9 சனி ஞாயிறு வீட்டுக்கு வந்திருந்தான். மடிக்கணினி திறந்து முடிக்க ஒரு காப்பி குடிக்கும் நேரம் ஆகிறது, திரையில் அடிக்கடி எச்சரிக்கை வருகிறது என்று அம்மா அலுத்துக்கொண்டதைக் கேட்டான். "லினக்ஸ் மின்ட் போட்டுத் தர்றேன்மா, பறக்கும் பாரு" என்றான். நல்ல எண்ணம். "உனக்கு இதுல என்னென்ன வேணும், சொல்லு" என்றும் கேட்டான். மருமகள் அடுப்படியில் இருந்தபடியே, "என்ன, எக்செல் வேணும், பேங்க் வெப்சைட்டு வேணும், வாட்ஸ்அப் வேணும்" என்றார். டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் மூன்றையும் பென் டிரைவில் எடுத்துவைத்துக்கொண்டு, பழையதை முழுவதும் அழித்து, மாலைக்குள் புதியதைப் போட்டுவிட்டான். உண்மையிலேயே பறந்தது. இரவுப் பேருந்தில் ஊருக்குக் கிளம்பிப் போனான்.

திங்கள் காலை மருமகள் என்னிடம் வந்து நின்றார். "மாமா, கணக்கு எழுதுற சாப்ட்வேரையே காணோம்."

பட்டியல் கேட்டபோது அதை ஏன் சொல்லவில்லை என்று எனக்கும் முதலில் தோன்றியது. பிறகு யோசித்தால் புரிந்தது. சமையலுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் யாரும் தண்ணீரைச் சொல்வதில்லை. ஏழு வருடமாகக் காலையில் திறந்து இரவில் மூடும் அந்த மென்பொருள்தான் அவருக்குக் கணினி. அதைத் தனிப் பொருளாக அவர் நினைத்ததே இல்லை. பேரனுக்கோ அது இருக்கும் இடமே தெரியாது. கேட்டவன் மேலும் குற்றமில்லை, சொன்னவர் மேலும் இல்லை. கேட்டதற்குப் பதில், பக்கத்தில் உட்கார்ந்து ஒருநாள் வேலையைப் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்த அடி இன்னும் பெரிது. கணக்குகள் அவன் எடுத்துவைத்த மூன்று அறைகளிலும் இல்லை. அந்த மென்பொருள் தன் தரவை வேறொரு மூலையில் வைத்திருந்தது, அது வட்டோடு அழிந்துபோனது. மருமகள் தனியாகப் பென் டிரைவில் எடுத்துவைத்த நகல் செப்டம்பர் 30 வரைக்கும்தான். அக்டோபர் மாதக் கணக்கு முழுவதும் போயிற்று. மிச்சம் இருந்தது கடைக்காரர்கள் அனுப்பிய காகித பில் கட்டுகள். மறுநாள் தேதி பதினொன்று.

பேரனுக்குப் போன் போட்டோம். பையன் பாதி அழுதுவிட்டான். தொலைவிலிருந்தபடியே என்னென்னவோ முயன்றான். வைன் என்று ஒன்று இருக்கிறது. விண்டோஸுக்காக எழுதிய மென்பொருள் பேசுவதை லினக்ஸுக்குப் புரியும்படி மொழிபெயர்க்கும் துபாஷி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1993 முதல் உலகெங்கும் பலர் சேர்ந்து வளர்த்துவருவது. சில மென்பொருள்கள் அதில் அருமையாக ஓடும், சில பாதி ஓடும், சில திறக்கவே திறக்காது. எங்களுடையது பாதி ரகம். திரை வந்தது, உரிமத்தைச் சரிபார்க்கும் இடத்தில் நின்றுவிட்டது. கணினியை அழிப்பதற்கு முன் உரிமத்தை முறையாகத் திருப்பி ஒப்படைத்திருக்க வேண்டுமாம். இன்னொரு வழி மெய்நிகர் கணினி. லினக்ஸுக்குள்ளேயே ஒரு ஜன்னலில் முழு விண்டோஸையும் ஓட்டுவது. நல்ல வழிதான், ஆனால் அதற்கு எட்டு ஜி.பி. நினைவகமாவது வேண்டும். எங்களிடம் இருந்தது நான்கு. குமுளி மலைப்பாதையில் பாரம் ஏற்றிய லாரி போல ஏறியது. மதியம் மூன்று மணிக்கு அதையும் விட்டோம்.

அப்போதுதான் மருமகள் பிரவுசரைத் திறந்து ஜி.எஸ்.டி. தளத்துக்குள் போனார். எந்தச் சிக்கலும் இல்லாமல் திறந்தது. தளத்துக்கு அடியில் ஓடுவது விண்டோஸா லினக்ஸா என்று அது கேட்கவே இல்லை. "மாமா, ஒவ்வொரு பில்லா இதுலயே நேரா அடிச்சிடலாம். நீங்க வாசிச்சா நான் அடிச்சிடுவேன்" என்றார்.

முப்பத்தொன்பது வருடம் நான் செய்த வேலை அது. ஒருவர் வாசிக்க, ஒருவர் எழுத, பிறகு எழுதியவர் வாசிக்க, முதலாமவர் மூலத்தோடு ஒத்துப்பார்க்க. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பதினைந்து எழுத்து எண்கள். முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: 33 தமிழ்நாடு, 32 கேரளா, 34 எங்கள் புதுச்சேரி. அடுத்த பத்தும் அந்த ஆளின் பான் எண். ஏலக்காய்க்காரருக்கு 32 நிறைய வந்தது, எல்லை தாண்டினால் வரியின் பெயரே மாறும். வணிகரிடமிருந்து வணிகருக்குப் போன பில்களை மட்டும்தான் தனித்தனியாக அடிக்க வேண்டும் என்பதால் தப்பித்தோம். அப்படியும் எண்பத்தாறு. பிறகு பொருள்வாரிச் சுருக்கம். என் மனைவி இரண்டு முறை சுக்குக் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "வயசான காலத்துல இதெல்லாம் தேவையா" என்று முணுமுணுத்துவிட்டுப் போனாள். இரவு ஒன்றரைக்கு ஒப்பிட்டு முடித்தோம். நான்கு தவறு, நான்கும் நான் வாசித்ததில். செவ்வாய் காலை மூன்று கடைக்காரர்களிடமும் ஓ.டி.பி. வாங்கி, பகல் பன்னிரண்டுக்குள் தாக்கல் முடிந்தது. மூவரும் தனிநபர் வணிகர்கள், அதனால் ஓ.டி.பி. போதும். நிறுவனம் என்றால் டிஜிட்டல் கையொப்பக் குச்சியைச் சொருக வேண்டும், அதற்கான இணைப்பு மென்பொருளை லினக்ஸில் தேட வேண்டும். அந்த இரவில் அதுவும் சேர்ந்திருந்தால் நாங்கள் தேறியிருக்க மாட்டோம்.

இதைச் சொன்னதும் தலைமையாசிரியர், "அப்ப லினக்ஸ் சரிப்படாதுங்கிறீங்க" என்றார். இல்லை. இன்றைக்கும் அந்த மடிக்கணினியில் லினக்ஸ்தான் இருக்கிறது, இதை நான் அதில்தான் அடித்துக்கொண்டிருக்கிறேன். நான் சொல்வது வரிசையைப் பற்றி. அதற்குப் புதுச்சேரிக்குப் போக வேண்டும். இந்த வலைப்பூவை வழக்கமாகப் படிப்பவர்கள் "ஆரம்பிச்சிட்டாருய்யா" என்பீர்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பள்ளியில் படித்ததெல்லாம் பிரெஞ்சு வழியில். 1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது, ஒப்பந்தம் 1956-இல் கையெழுத்தானது, சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16-இல்தான். கொடி இறங்கிய பிறகும் எட்டு வருடம். நான் 1972-இல் எழுத்தராகச் சேர்ந்தபோது கோப்புகள் ஆங்கிலத்துக்கு மாறியிருந்தன. ஆனால் எத்தா சிவில் என்ற பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள் பிரெஞ்சில் இருந்தன, அவற்றை யாரும் எரித்துவிட்டு ஆங்கிலத்தில் தொடங்கவில்லை. முடியாது. பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள், பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் வாங்கும் கிழவர்கள், அவர்களின் விதவைகள், எல்லாருக்கும் அந்தப் பதிவேட்டிலிருந்து எக்ஸ்த்ரே வேண்டும். ஒரு அரசே மாறியது, ஒரு கிழவியின் ஓய்வூதியம் நிற்கவில்லை. ஏனென்றால், மாற்றியவர்கள் முதலில் யாருக்கு எந்தக் காகிதம் தேவைப்படும் என்று எண்ணிப்பார்த்திருந்தார்கள்.

தட்டச்சும் அப்படித்தான். பழைய பிரெஞ்சு இயந்திரத்தில் ஏ இருந்த இடத்தில் ஆங்கில இயந்திரத்தில் க்யூ இருந்தது. இசட் இருந்த இடத்தில் டபிள்யூ. எண் அடிக்க ஷிப்ட் அழுத்த வேண்டும். ஆங்கில இயந்திரம் வந்த முதல் மாதம் நான் அடித்த கடிதங்களைப் பார்த்து மேலதிகாரி, இது எந்த மொழி என்று கேட்டார். கை பழக ஒரு மாதம் ஆயிற்று. அந்த மாதம் முழுக்க அவசரக் கடிதங்கள் பழைய இயந்திரத்திலேயே போயின. பழையதை மூலையில் வைத்திருந்தார்கள், ஏலம் போட்டுவிடவில்லை.

(இடையில் ஒன்று. கணினிக்குப் பிரெஞ்சில் ஓர்தினத்தேர் என்று பெயர். 1955-இல் ஐ.பி.எம். கேட்டுக்கொண்டதற்காக ஜாக் பெரே என்ற லத்தீன் பேராசிரியர் சொன்ன சொல். நம் இயங்குதளத்துக்கு அங்கே சிஸ்தேம் தெக்ஸ்ப்ளுவாத்தாசியோன். நடத்திச் செல்லும் அமைப்பு என்று பொருள். சுரண்டலுக்கும் பிரெஞ்சில் அதே சொல்தான். நல்ல கணினியைத் தூக்கிப்போடச் சொல்லும்போதெல்லாம் அந்த இரண்டாவது பொருள் எனக்கு ஞாபகம் வருகிறது.)

பிரான்சில் இதை ஒரு படையே செய்து காட்டியிருக்கிறது. ழாந்தார்மரி என்பது அங்கே சிற்றூர்களையும் நெடுஞ்சாலைகளையும் பார்த்துக்கொள்ளும் காவல்படை. சிறுவயதில் புதுச்சேரியில் பெரியவர்கள் வாயில் "சாந்தார்ம்" என்று கேட்ட அதே சொல். அவர்கள் 2005-இல் என்ன செய்தார்கள்? இயங்குதளத்தைத் தொடவே இல்லை. விண்டோஸ் இருக்க, எழுதும் மென்பொருளை மட்டும் ஓப்பன் ஆபீஸுக்கு மாற்றினார்கள். அடுத்த ஆண்டு பிரவுசரை ஃபயர்பாக்ஸுக்கும், அஞ்சலைத் தண்டர்பேர்டுக்கும். கூடவே தங்கள் அலுவல் மென்பொருள்களைப் பிரவுசருக்குள் திறக்கும்படி கொண்டுவந்தார்கள். இவை மூன்றும் லினக்ஸிலும் அப்படியே கிடைக்கும் மென்பொருள்கள். காவலர்கள் அவற்றில் கை பழகிய பிறகு, 2008-இலிருந்து அடியில் இருந்த விண்டோஸை எடுத்துவிட்டு உபுண்டு லினக்ஸை வைக்கத் தொடங்கினார்கள். மேசைமேல் இருந்தது எதுவும் மாறவில்லை, மேசையின் கால் மாறியது. 2024 நடுவில் அவர்களின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் 97 சதவீதம் லினக்ஸ். கிட்டத்தட்ட இருபது வருடம். மீதி மூன்று சதவீதத்தை இன்னும் விட்டுவைத்திருக்கிறார்கள் பாருங்கள், அதில்தான் எனக்கு மரியாதை.

என் பேரன் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்தான்.

நம் மாநிலம் இதில் பின்தங்கியது என்று சொல்ல முடியாது. 2007 வாக்கிலேயே எல்காட் நிறுவனம், உமாசங்கர் அதன் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, சூசே லினக்ஸைத் தன் அலுவலகத்தில் போட்டு மற்றத் துறைகளுக்கும் பரிந்துரைத்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் அதே ஆண்டு வந்தது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்துப் போட்டுக் கொடுத்தார்கள். 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது, அரசு அலுவலகங்கள் பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி அறிவுறுத்தல் போனது. காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் நம் தெருவில் எத்தனை பிள்ளைகள் அந்த மடிக்கணினியில் லினக்ஸைத் திறந்தார்கள்? நான் பார்த்தவரை, பெட்டி பிரித்த வாரமே கம்ப்யூட்டர் கடையில் கொடுத்து, இரண்டையும் அழித்துவிட்டு, எங்கிருந்தோ வந்த ஒரு விண்டோஸைப் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

காரணம் பிள்ளைகளின் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. தட்டச்சு வகுப்பிலும் கணினி மையத்திலும் சொல்லிக்கொடுத்தது வேறு. மனு அடித்துத் தரும் ஜெராக்ஸ் கடையில் இருந்தது வேறு. பல அரசு அலுவலகங்களில் தமிழ்க் கடிதங்கள் வானவில் எழுத்துருவில் இருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவற்றைத் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகச் சிதறிக் கிடக்கும். 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த நேரத்தில், யூனிகோடை அரசு ஏற்றுக்கொண்டது. ஆணை ஒருநாளில் வரும், அலமாரியில் இருக்கும் கடிதங்கள் தானாக மாறாது. தமிழ் அடிக்கப் பலர் நம்பியிருந்த அழகி, என்.எச்.எம். ரைட்டர் போன்றவை விண்டோஸுக்காக எழுதப்பட்டவை. வேலை முழுவதும் ஒரு பக்கம் இருக்க, இயங்குதளத்தை மட்டும் இன்னொரு பக்கம் வைத்தால், ஆள் வேலை இருக்கும் பக்கம்தான் போவான்.

மலைக்கு அந்தப் பக்கம் பாருங்கள். குமுளியில் எல்லையைத் தாண்டினால் பள்ளிக்கூடக் கணினிகள் எல்லாம் லினக்ஸ். கேரளத்தில் ஐ.டி. அட் ஸ்கூல் என்று 2001-இல் தொடங்கி, இப்போது கைட் என்ற பெயரில் நடக்கிறது. அவர்கள் கணினியைக் கொடுத்ததோடு விடவில்லை. பாடப்புத்தகத்தையே அந்த மென்பொருள்களை வைத்து எழுதினார்கள், ஆசிரியர்களுக்கு அதிலேயே பயிற்சி கொடுத்தார்கள், தேர்வையும் அதிலேயே வைத்தார்கள். தேர்வு வந்துவிட்டால் பிள்ளை படித்துத்தானே ஆகவேண்டும். முப்பது கிலோமீட்டருக்கு உள்ளே இரண்டு அனுபவம்.

ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003-இல் முடிவெடுத்து, பத்து வருடத்தில் சுமார் பதினைந்தாயிரம் கணினிகளை மாற்றி, 2017-இல் விண்டோஸுக்கே திரும்ப முடிவு செய்தது. அதில் அரசியல் உண்டு என்பார்கள். சில துறைகளின் தனிப்பட்ட மென்பொருள்கள் கடைசிவரை விண்டோஸை விட்டு வரவில்லை என்பதும் உண்டு.

ஆகவே என் கருத்து இரண்டு. வீட்டில் மாற்றுகிறவருக்கு ஒன்று: அடித்தளம் கடைசி. எந்த வேலை எந்த மென்பொருளில் தொங்குகிறது என்று பார்த்து, அந்த மென்பொருளுக்கு மாற்றோ வழியோ கிடைத்து, அதில் ஒரு மாதம் வேலை செய்த பிறகுதான் அடியில் கைவைக்க வேண்டும்.

இரண்டாவது, வேலையைக் கட்டாயமாக்குகிறவர்களுக்கு. இது கொஞ்சம் கோபத்தோடு சொல்வது. ஒரு படிவத்தைக் குறித்த தேதிக்குள் தராவிட்டால் அபராதம் என்று சொல்கிற எந்த அலுவலகமும், அந்தப் படிவத்தை நிரப்ப இன்ன கம்பெனியின் சாதனம்தான் வேண்டும் என்று வைக்கக் கூடாது. நான் வேலை பார்த்த காலத்தில் மனுவை எந்த மையில் எழுதினாலும் வாங்கிக்கொண்டோம். இன்ன கடைப் பேனாவில் எழுதினால்தான் செல்லும் என்று ஒரு குமாஸ்தா சொல்லியிருந்தால் மெமோ வாங்கியிருப்பான். இன்றைக்கு மேக்ரோ வைத்த எக்செல் கோப்பை இறக்கி நிரப்பு என்கிறார்கள். லிப்ரே ஆபீஸில் அது திறக்கும், பொத்தானை அழுத்தினால் அசையாது. ஜி.எஸ்.டி. தளம் அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது, பிரவுசரில் நேராக அடிக்கவும் வழி வைத்திருந்ததால்தான். அதைச் செய்தவர்களுக்கு நன்றி. அதேபோல எல்லாரும் வைக்கலாம்.

அதே நவம்பரில் எனக்கு என் சொந்த வேலை ஒன்றும் இருந்தது: ஓய்வூதியர்கள் உயிரோடு இருக்கிறோம் என்று காட்டும் ஜீவன் பிரமாண். 2014-இல் அது தொடங்கியபோது கைரேகைக் கருவியைக் கணினியில் சொருகிச் செய்தோம். அந்தக் கருவி இப்போது எங்கள் லினக்ஸில் பேசவில்லை. நல்லவேளை, 2021 நவம்பரிலிருந்து கைபேசியில் முகத்தைக் காட்டினாலே போதும் என்று ஆகிவிட்டது. என் திண்ணையில் ஏழு பேருக்கு அப்படித்தான் முடித்தேன். அதில் ஒருவர் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தே ரேகை தேய்ந்தவர். பழைய கருவியில் ஒவ்வொரு வருடமும் அவர் அநேகமாகச் செத்துப்போய்க்கொண்டிருந்தார்.

தலைமையாசிரியருக்கு நான் கடைசியாகச் சொன்னது இவ்வளவுதான். அவசரமில்லை. மைக்ரோசாப்டே தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களை நீட்டித்துத் தருகிறது, பதிவு செய்துகொண்டால் போதும். அதுவரை பழையதை அழிக்காதீர்கள். லினக்ஸைப் பென் டிரைவிலிருந்தே நிறுவாமல் ஓட்டிப் பார்க்கலாம், பிரின்டரும் வைஃபையும் வேலை செய்கிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும். சரிப்பட்டால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், திறக்கும்போது எது வேண்டும் என்று கேட்கும். தரவு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் யார் சொன்னாலும் அழிக்க விடாதீர்கள், சொல்பவன் சொந்தப் பேரனாக இருந்தாலும்.

எங்கள் வீட்டில் இப்போது நிலவரம்: கணக்கு மென்பொருள், நண்பர் ஒருவர் மலிவாகக் கொடுத்த பழைய மேசைக் கணினியில் விண்டோஸ் 11-இல் ஓடுகிறது. உரிமத்தை மீட்க இரண்டு நாள் போன் பேச வேண்டியிருந்தது. அக்டோபர் மாதத்தை மருமகள் பத்து நாளில் மறுபடி பதிந்துவிட்டார். மடிக்கணினி எனக்கு வந்துவிட்டது. லினக்ஸில் ஐபஸ் வழியாகத் தமிழ்99 அடிக்கிறேன், கை பழகிவிட்டது. பேரன் பொங்கலுக்கு வந்தபோது, அம்மா பக்கத்தில் ஒருநாள் முழுக்க நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர் திறப்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதினான். பதினேழு வரி வந்தது. மருமகள் அதை எடுத்து ஃபிரிட்ஜ் மேல் ஒட்டிவைத்திருக்கிறார். ஒன்பதாவது வரியில் இருக்கும் பிரின்டரை மட்டும் என் மடிக்கணினியில் இன்னும் பேசவைக்க முடியவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்றிருக்கிறான்.